அளவறிந்து வாழ வழிசெய்தவர்



திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். மதுவை விலக்குவது மட்டும் அடக்கமாகாது. உணவு, பேச்சு, கோபம், செலவு யாவற்றிலும் அளவறிந்து நிற்பதே அடக்கம் என நாம் இதனால் அறிகிறோம். சமயத்தால் வேறானவராயினும், அந்த நிலைக்குப் பிறரையும் கைகொடுத்து அழைத்த ஒருவர் நம் பீலெஃபெல்ட் நகரில் வாழ்ந்தார். அவர் போதகர் பிரீட்ரிக் ஃபொன் போடெல்ஷ்விங்.

1831ஆம் ஆண்டு பிறந்த இவர் பிரஷ்ய அமைச்சர் ஒருவரின் மகன். சுகவாழ்வை நாடாது, 1858இல் பாரிஸ் சென்று, அங்கே தெருக்கூட்டிப் பிழைத்த ஏழை ஜேர்மானியரிடையே பணிபுரிந்தார். தாயகம் திரும்பியபின், 1869 ஜனவரியில், இரண்டு வாரங்களுக்குள் தம் பிள்ளைகள் நால்வரையும் நோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரிலும் நிலைகுலையாது, 1872இல் இந்நகருக்கு வந்து, வலிப்பு நோயாளருக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றார். அதுவே பின்னர் பேதெல் எனப் பெயர்பெற்று வளர்ந்தது.

அக்காலத்தில் வேலையிழந்தோர் பலர் ஊரூராக அலைந்தனர். வீட்டு வாசல்களில் அவர்களுக்குக் கிடைத்த சில்லறை பெரும்பாலும் சாராயக்கடைக்கே போய்ச் சேர்ந்தது. காசு கொடுத்து அனுப்புவதும் பயன்தராது, குடிக்காதே எனக் கண்டிப்பதும் போதாது என்று அவர் கண்டார். 1882இல் நகருக்குத் தெற்கே, மணற்பாங்கான தரிசு நிலத்தில், வில்ஹெல்ம்ஸ்டோர்ஃப் என்னும் தொழிலாளர் குடியிருப்பை அமைத்தார். வந்தவர்களுக்கு உணவும் உடையும் படுக்கையும் கிடைத்தன; அவர்கள் நிலத்தைப் பண்படுத்தி உழைத்தனர். சாராயத்துக்கு அங்கே இடமில்லை. இதனைப் பின்பற்றி ஜேர்மனியின் பிற பகுதிகளிலும் இத்தகைய குடியிருப்புகள் தோன்றின. வீடுகளில் மிஞ்சிய பழைய பொருள்களைச் சேகரித்துப் பயன்படுத்தும் வழக்கத்தையும் பேதெலில் அவர் ஏற்படுத்தினார். 1910 ஏப்ரல் 2ஆம் நாள் காலமானார்.

எம்மவர் பலர் 1980களில் அகதிகளாகத் தனியே இந்நாட்டுக்கு வந்து, வேலை செய்ய அனுமதியின்றி அறைகளில் முடங்கிக் கிடந்தனர். சிலர் குடிக்கு அடிமையாயினர். அவர்களைக் கண்டு முகஞ்சுளித்த நாம், எத்தனை பேரை வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சோறு போட்டோம்? மனக்கட்டுப்பாடு அவரவர் கடமைதான். ஆயினும் செய்ய ஒரு வேலையும், பேச நாலு பேரும் இல்லாதவனுக்கு அது மிகக் கடினம்.

ஆகவே, குடியை விட விரும்பும் ஒருவர் கோயில் வாசலில் தயங்கி நின்றால், அவரை உள்ளே அழைப்போம். மடைப்பள்ளியிலோ மாலை கட்டுமிடத்திலோ ஒரு பொறுப்பை அவர் கையில் கொடுப்போமாக.