பெயர் கூற மறுத்த துப்பறிவாளர்

1936ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சேற்றன் மெற் ஏ லேடி’ என்னும் படத்தை அண்மையிற் பார்த்தேன். ஏமாற்றமே மிஞ்சியது. டஷீல் ஹமெற் 1930இல் நூலாக வெளியிட்ட ‘மோல்ற்றீஸ் பல்கன்’ என்னும் நாவலே அதன் மூலம். ஆயின், நாவலில் வரும் கரிய வல்லூற்றுச் சிலை படத்தில் மணிகள் நிறைந்த ஊதுகொம்பாகிவிட்டது. நெஞ்சுரம் மிக்க துப்பறிவாளன் வெறுங் கேலிக்காரனாகிவிட்டான். பெற்றி டேவிஸ் நடித்தும் படம் தேறவில்லை.

அந்நாவலின் கடுமை வெறுங் கற்பனையன்று. 1894இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்த ஹமெற், இளமையிலேயே பள்ளியை விட்டுப் பிங்கேற்றன் துப்பறியும் நிறுவனத்திற் பணியாற்றியவர். முதலாம் உலகப் போர்க்காலத்திற் படையிற் சேர்ந்தபோது பற்றிய காசநோய், நாளடைவில் அவரை அத்தொழிலினின்று விலக்கி எழுத்துலகிற்கு அனுப்பிற்று. அவர் எழுதியவை ஐந்து நாவல்களே. இறுதி நாவல் 1934இல் வந்தது. அதன்பின் வேறொரு நாவலை அவர் வெளியிடவில்லை.

1951இல், பிணையில் விடப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் நால்வர் தலைமறைவாயினர். பிணைநிதிப் பொறுப்பாளருள் ஒருவரான ஹமெற்றிடம், அந்நிதிக்குப் பணந் தந்தோர் யாவரென நீதிமன்றம் வினவிற்று. அவர் கூற மறுத்தார், சிறை சென்றார். பிறர் மறைத்ததைக் கண்டறிவதே தொழிலாய் வாழ்ந்தவர், பிறர் பெயரை வெளியிடாமைக்காகத் தம் சுதந்திரத்தை இழந்தார். உடல் நலிந்து, 1961இல் மறைந்தார்.

1936ஆம் ஆண்டுப் படத்தில் நான் தேடியுங் காணாதது அந்த வளையாமையைத்தான். 1941இல் ஜோன் ஹியூஸ்ரன் நாவலைப் பெரிதும் அடியொற்றி எடுத்த படத்தில் அது உண்டு.