கணினி வருவதற்கு முன்பே ஃபார்முலா தந்த ராமானுஜன்: ‘பை’ கணக்கில் நடந்தது என்ன?

காரைக்குடி பக்கத்து கொத்தமங்கலமோ, கலிஃபோர்னியாவோ, புரோகிராமிங் படிக்க ஆரம்பிக்கும் யாரும் முதலில் சந்திப்பது ‘லூப்’. ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை அது. லூப் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது நாம் கொடுக்கும் ஃபார்முலாவைப் பொறுத்தது. அப்படியொரு அசாத்திய ஃபார்முலாவை, கணினியே இல்லாத காலத்தில் எழுதியவர் ராமானுஜன்.

யார் இவர்?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் தோற்றதால் கல்லூரி உதவித்தொகை பறிபோனது. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் ஆனார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் கணக்குப் போட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். வழிமுறை சிலேட்டோடு அழிந்துபோகும்.

பிரச்சினை எங்கே வந்தது?

1914-ல் இங்கிலாந்து சென்றவர், அதே ஆண்டு ‘பை’ மதிப்பைக் கணக்கிட 17 தொடர்களை வெளியிட்டார். முழு நிரூபணம் தரவில்லை. 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் இறந்துவிட்டார். இனி அவரிடம் கேட்க வழியில்லை.

கணினியில் என்ன நடந்தது?

பள்ளியில் சொல்லித்தரும் எளிய தொடரில் ஆறு தசம இலக்கங்கள் சரியாக வரவே லூப் லட்சக்கணக்கான முறை சுற்ற வேண்டும். ராமானுஜனின் புகழ்பெற்ற தொடரில் முதல் சுற்றிலேயே அது வந்துவிடும். அடுத்தடுத்த ஒவ்வொரு சுற்றும் சுமார் எட்டு இலக்கங்களைக் கூட்டும்.

1985-ல் அமெரிக்க புரோகிராமர் பில் காஸ்பர் இதை வைத்தே சுமார் 1.75 கோடி இலக்கங்களைக் கணக்கிட்டார். அப்போதும் நிரூபணம் கிடையாது. ஃபார்முலா தப்பு என்றால் மொத்த உழைப்பும் வீண். வேறு முறையில் ஏற்கெனவே கிடைத்திருந்த இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தின.

ஆனால் விடை பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு. புரோகிராம் எழுதும் எல்லோருக்கும் இது பாடம். போர்வெய்ன் சகோதரர்கள் 1987-ல் நிரூபணத்தை வெளியிட்ட பிறகே சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது.

இன்று?

ராமானுஜன் பாணியில் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் உருவாக்கிய ஃபார்முலாவில்தான் 2022-ல் கூகுள் கிளவுட் 100 லட்சம் கோடி இலக்கங்களை எட்டியது. சிலேட்டில் அழிந்த வழியைத் தேடிப் பிடிக்க உலகத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.