எம்மி நோதர்

1916ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் குளிர்காலப் பருவத்திற்கான வகுப்புப் பட்டியலை வெளியிட்டது. கணித இயற்பியல் வகுப்பைப் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட் நடத்துவார் என்றும், முனைவர் எம்மி நோதர் அவருக்குத் துணைபுரிவார் என்றும் அதில் இருந்தது. உண்மையில் பாடம் நடத்தியவர் நோதர்தான். பெண்கள் விரிவுரையாளராக அங்கு அனுமதி இல்லாததால், அவர் இன்னொருவர் பெயரில் கற்பிக்க வேண்டியிருந்தது.

எம்மி 1882ஆம் ஆண்டு எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை மேக்ஸ் நோதர் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். பெண்கள் பள்ளிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிக்கும் தகுதியை எம்மி 18 வயதிலேயே பெற்றார். அந்த வேலைக்குப் போயிருந்தால் மாதச் சம்பளமாவது கிடைத்திருக்கும். அவருடைய மனமோ கணிதத்தை நாடியது. அப்போது பெண்கள் அங்கு முறைப்படி மாணவராகச் சேர முடியாது. விரிவுரையாளர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு வகுப்பில் அமரலாம், அவ்வளவுதான். பின்னர் விதி மாறியது. எம்மி 1904இல் மாணவராகச் சேர்ந்து, 1907இல் முனைவர் பட்டத் தேர்வில் மிகச் சிறப்பாகத் தேறினார்.

பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அதே பல்கலைக்கழகத்தில் ஊதியமின்றி உழைத்தார். தந்தை நோயுற்றபோது அவருக்குப் பதிலாகப் பாடமும் நடத்தினார்.

1915இல் ஹில்பர்ட்டும் பெலிக்ஸ் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். ஐன்ஸ்டைனின் புதிய கோட்பாட்டில் ஆற்றல் அழியாமை பற்றிய சிக்கல் ஒன்று அவர்களைக் குழப்பியது. அதை ஆராய்ந்த எம்மி, 1918இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். இயற்கையின் விதி நேற்றும் இன்றும் மாறாமல் இருப்பதால்தான் ஆற்றலின் மொத்த அளவும் மாறாமல் இருக்கிறது என்பது அதன் ஒரு பகுதி. இன்றைய இயற்பியல் மாணவர்கள் அதை நோதர் தேற்றம் என்று படிக்கின்றனர்.

இத்தகைய அறிஞரை விரிவுரையாளராக ஏற்க மற்றத் துறைப் பேராசிரியர்கள் சிலர் மறுத்தனர். போரிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணிடமா பாடம் கேட்பது என்று அவர்கள் கேட்டனராம். ஹில்பர்ட் சினமுற்று, பல்கலைக்கழகம் என்ன குளியற்கூடமா என்று திருப்பிக் கேட்டதாகக் கூறுவர். போர் முடிந்த பின், 1919இல்தான் தம் பெயரிலேயே கற்பிக்கும் உரிமை எம்மிக்குக் கிடைத்தது. ஊதியமோ அப்போதும் இல்லை. 1923இல், 41 வயதில், ஒரு சிறு தொகை வரத் தொடங்கியது.

எம்மி ஆடை அலங்காரத்தில் அக்கறை இல்லாதவர். உரத்த குரலில் விரைவாகப் பேசுவார். வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்களுடன் நடந்தபடியே இயற்கணிதம் பேசுவார். 1933இல் நாஜி அரசு, யூதர் என்பதால் அவரைப் பணிநீக்கம் செய்தது. அப்போதும் அவர் மாணவர்களை வீட்டிற்கு அழைத்துப் பாடத்தைத் தொடர்ந்தார். கோட்டிங்கனில் அவர் இறுதிவரை முழுநிலைப் பேராசிரியர் ஆகவே இல்லை.

அவ்வாண்டு இறுதியில் அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரி அவரை வரவேற்றது. அங்கு ஊதியத்துடன் கற்பித்தார். ஆனால், அந்த வாழ்வு ஒன்றரை ஆண்டுதான் நீடித்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1935 ஏப்ரல் மாதம் காலமானார். அவருடைய சாம்பல் அக்கல்லூரி நூலகத்தின் நடைபாதைக்கு அடியில் புதைக்கப்பட்டது.