மேரியின் 'கடல் பல்லி'க்கு எத்தனை வயசு?

கடலோரத்தில் சிப்பி பொறுக்கி விற்ற ஏழைப் பெண் மேரி ஆனிங். 1799இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் ஊரில் பிறந்தவர். தச்சரான அப்பா 1810இல் இறந்தபோது மிச்சம் வச்சது கடன்தான்.

1811இல் அண்ணன் ஜோசஃப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு மீதி உடலைக் கண்டுபிடித்தவர் மேரி. அதுதான் இக்தியோசோர், கடலில் வாழ்ந்த ஊர்வன. 1823இல் முழு பிளீசியோசோர் எலும்புக்கூடும் கிடைத்தது. 1833இல் மண்சரிவில் அவரின் நாய் ட்ரே செத்துப்போச்சு. அவர் மயிரிழையில் தப்பினார். இருந்தும் தோண்டுவதை நிறுத்தலை.

எலும்பைப் பற்றிக் கட்டுரை எழுதிய கனவான்கள் பெரும்பாலும் அவர் பெயரைப் போடலை. லண்டன் புவியியல் சங்கத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. 1847இல், 47 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.

அந்த எலும்பின் வயது? அவர் காலத்தில் கணக்கிட வழியில்லை. பதில் கிடைத்தது பெரு நாட்டில். அங்கே ஜுராசிக் தொடக்கக் கால அம்மோனைட்டுகளோடு எரிமலைச் சாம்பல் அடுக்குகளும் இருக்கு. சாம்பலில் உள்ள சிர்கான் படிகத்தில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்குன்னு அளந்தால் வயது தெரியும். ஜுராசிக் தொடங்கி சுமார் 20 கோடியே 10 லட்சம் ஆண்டுகள். லைம் பாறையிலும் அம்மோனைட்டுகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டால், மேரியின் இக்தியோசோர் வாழ்ந்தது அதற்குச் சில மில்லியன் ஆண்டுகள் பிறகு.

அந்த அம்மோனைட்டுகளைத்தான் மேரி சுற்றுலாப் பயணிகளுக்குச் சில்லறைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார்.