கைவிளக்கேந்திய அம்மையார் எழுதிய கடிதங்கள்

கைவிளக்கேந்திய காரிகை என்று பள்ளிநாளில் நாம் படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இலர். நோயாளிகளுக்கு அவர் ஆற்றிய தொண்டை உலகம் போற்றுகிறது. அந்நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அவர் ஆற்றிய தொண்டோ அத்துணை பரவவில்லை. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அதுவே நெருக்கமானது.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். செவிலித் தொழில் இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. பெற்றோர் தடுத்தும் மனந்தளராது, 1851இல் ஜெர்மனி சென்று பயிற்சி பெற்றார். கிரிமியப் போர் மூண்டபின், 1854 நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார்.

அக்குளிர்காலத்தில் காயத்தால் மாண்டவரினும் நோயால் மாண்டவரே அங்கு மிகுதி. நினைவுள்ள எவனும் தனியே உயிர் விடலாகாது என்பது அம்மையாரின் உறுதி. இயன்றவரை தாமே அருகில் அமர்ந்தார். உயிர் பிரிந்ததும் கடமை தீர்ந்ததென அவர் எண்ணவில்லை. கடல் கடந்து காத்திருந்த தாய்க்கும் மனைவிக்கும் கடிதம் எழுதினார். அவன் எவ்வாறு இறந்தான், யாரை நினைத்தான், விட்டுச் சென்ற பொருள் யாது என்பவற்றைத் தெரிவித்தார். கைம்பெண்டிர் உதவிப் பணம் பெறும் வழியையும் காட்டினார்.

உயிரோடிருந்த வீரர்களின் சம்பளம் குடியில் அழியாது வீடு சேரவும் வழி செய்தார். முதலில் பணத்தைத் தாமே வாங்கி அனுப்பினார். பின்னர் அரசாங்கம் மணியார்டர் அலுவலகங்களைத் திறந்தது. சுமார் ஆறு மாதங்களில் 71,000 பவுன் இங்கிலாந்து சென்றது.

1860இல் இலண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவினார். நம் நாட்டை ஒருமுறையும் கண்டிராதபோதும், இந்திய மக்களின் சுகாதாரத்துக்காகப் பல்லாண்டு உழைத்தார். 1910 ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரிகளை எழுதும் யாமும், எம் அன்னையார் கண்மூடிய வேளையில் இரயிலில் இருந்தோம். இரண்டு இரவுப் பயணத்தின் பின் வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அருகிருந்த அண்டைவீட்டு மூதாட்டி, அன்னை கடைசியாகக் கேட்டதையும் சொன்னதையும் ஒன்றுவிடாது உரைத்தார். இன்றளவும் எமக்கு ஆறுதல் அதுவே.

இந்நகர மருத்துவமனைகளிலும் உற்றார் தொலைவிலிருக்க, மொழி தெரியாது படுத்திருக்கும் தமிழர் உளர். அவர்தம் கட்டிலருகே ஒரு நாழிகை அமர்வோம்; அவர் சொல்லை ஊரிலுள்ளோர்க்குச் சேர்ப்போம். கைவிளக்கை நாமும் ஏந்தும் வழி அஃதே.