காட்ஸில்லாவுக்கு 2 வருஷம் முன்னாடியே தமிழ்நாட்டில் எடுத்த ராட்சத மிருகப் படம்.. யார் இந்த சேலம் டி.ஆர்.சுந்தரம்?

கொடைக்கானல் ஏரிச் சாலையில் ஒரு காட்டெருமை நிதானமா நடந்து வந்தாலே அன்னைக்கு அதுதான் வைரல் வீடியோ. பழனி மலை அடிவாரத் தோட்டத்தில் யானை புகுந்தால் பிரேக்கிங் நியூஸ். சரி, அந்த யானை உடம்பு முழுக்க சடை சடையா முடியோடு, வளைந்த பெரிய தந்தங்களோடு வந்தால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு காட்சியை 1952-லேயே படமாக எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். ஜப்பானில் காட்ஸில்லா கடலுக்குள் இருந்து எழுந்து வந்தது 1954 நவம்பரில்தான். அதாவது 2 வருஷம் கழித்து!

மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது சேலம் - ஏற்காடு சாலையில் நிற்கும் அந்த வளைவு. அந்த வளைவுக்குப் பின்னால் இருந்த மனிதரின் கதை இதோ.

ஜவுளி படிக்கப் போனவர்

1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர் சுந்தரம். ஜவுளி வியாபாரக் குடும்பம். பையன் தொழிலை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்கு அனுப்பினார்கள். ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வரும்போது பட்டத்தோடு கிளாடிஸ் என்ற ஆங்கிலேய மனைவியும் வந்தார். அந்தக் காலத்துத் திருச்செங்கோட்டில் இது எவ்வளவு பெரிய பேச்சாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அவர் மில் வைக்கவில்லை. சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் நடத்திய வேலாயுதம் பிள்ளையோடு சேர்ந்து சினிமாவுக்குள் வந்தார். அப்போது ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தமிழ்ப் படம் எடுக்க வேண்டும் என்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும். நடிகர்கள், பாடகர்கள், சமையல்காரர் வரைக்கும் மொத்தக் கூட்டமும் போகும். ஒரு நடிகருக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த சுந்தரத்துக்கு ஜவுளிக்கார மூளை வேலை செய்தது. பஞ்சு ஒரு ஊரில், நூல் ஒரு ஊரில், தறி ஒரு ஊரில் இருந்தால் கட்டுபடி ஆகுமா? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன? 1935-ல் சேலத்தில், ஏற்காடு மலைக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப் எல்லாமே ஒரே வளாகத்தில். சென்னையில் இல்லை, கவனிக்கவும். சேலத்தில்!

முதல் படம் சதி அகல்யா, 1937-ல் வந்தது. அடுத்த வருஷமே பாலன். மலையாளத்தின் முதல் பேசும் படம் அது. கேரள சினிமா பேச ஆரம்பித்தது சேலத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

சினிமா ஃபேக்டரி

சுந்தரத்தை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கண்டிப்பு பற்றி சினிமா வட்டாரத்தில் ஏகப்பட்ட கதைகள் உண்டு. பாதிக்கு மேல் கைச்சரக்கு என்பதால் அதை விட்டுவிடுவோம். உறுதியாகத் தெரிந்த விஷயம், அவர் ஸ்டூடியோவை ஒரு மில் போல நடத்தினார் என்பது. நேரத்துக்கு வர வேண்டும். தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மாதச் சம்பளம். பட்ஜெட் போட்டால் அதைத் தாண்டக் கூடாது. ஒரு படம் முடியும் முன்பே அடுத்த படத்தின் வேலை தொடங்கிவிடும்.

மாதச் சம்பளம் என்பதை இன்றைக்கு சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் படம் ஓடினால்தான் காசு, நின்றால் பட்டினி என்று இருந்த தொழிலில், முதல் தேதியானால் சம்பளம் என்பது பெரிய விஷயம். அதை நம்பித்தான் பல குடும்பங்கள் சேலத்துக்குக் குடிவந்தன. கவிஞர் கண்ணதாசன் இங்கே சண்டமாருதம் என்ற பத்திரிகையில் வேலை பார்த்தவர். மு.கருணாநிதி இங்கே வசனம் எழுதியவர்.

தந்திரக் காட்சிகள் மீது முதலாளிக்கு ஒரு தனி ஆசை. 1940-ல் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்து உத்தம புத்திரன் எடுத்தார். தமிழில் இரட்டை வேடத்துக்கு அதுதான் தொடக்கம். அந்தக் காலத்தில் இதை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? கேமரா லென்ஸின் ஒரு பாதியை மறைத்துவிட்டு நடிகரை ஒரு பக்கம் நிற்க வைத்து எடுப்பார்கள். அப்புறம் அதே பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து, அவரையே இன்னொரு பக்கம் நிற்க வைத்து மறுபடியும் எடுப்பார்கள். நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் போச்சு. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கையும் கண்ணும்தான்.

ஜப்பான்காரராக நடித்த முதலாளி

இங்கே ஒரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லி பிரிட்டிஷ் அரசு தயாரிப்பாளர்களை நெருக்கியது. பிலிமும் அவர்கள் கையில்தான், அதனால் மறுக்க முடியாது. ஜெமினி கண்ணம்மா என் காதலி எடுத்தது, கே.சுப்பிரமணியம் மானசம்ரட்சணம் எடுத்தார், சுந்தரம் பர்மா ராணி எடுத்தார். 1945-ல் வந்த அந்தப் படத்தை இயக்கியதோடு, ஜப்பானிய ராணுவ அதிகாரி வேடத்திலும் அவரே நடித்தார். ஜப்பானியர்தான் அதில் வில்லன் தரப்பு. அதே வருஷம் ஆகஸ்ட்டில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அந்தக் குண்டின் பயத்தில் இருந்துதான் பின்னாளில் காட்ஸில்லாவே பிறந்தது.

பாதியில் நின்ற படம்

எல்லிஸ் ஆர்.டங்கன். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் பிறந்து, 1935-ல் இந்தியா வந்து, தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கியவர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய சதி லீலாவதி, எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த மீரா எல்லாம் இவர் இயக்கியவைதான்.

மாடர்ன் தியேட்டர்ஸுக்காக பொன்முடி எடுத்த டங்கன், அடுத்து மந்திரி குமாரியைத் தொடங்கினார். குண்டலகேசி கதையை வைத்து கருணாநிதி எழுதிய நாடகம் அது. ஆனால் படம் முடிவதற்குள் டங்கன் அமெரிக்கா கிளம்பிவிட்டார். இயக்குநர் போய்விட்டால் படம் பெட்டிக்குள் போவதுதான் வழக்கம். சுந்தரம் தானே இறங்கி மிச்சத்தை எடுத்து முடித்தார். 1950-ல் வெளியான அந்தப் படத்தில் இயக்குநர்களாக 2 பேர் பெயரும் வரும். எம்.ஜி.ஆரை முன்னணிக்குக் கொண்டுவந்த படங்களில் அது ஒன்று. அன்றைக்கு அது பாதியில் நின்றிருந்தால்? சொல்ல முடியாது.

யானைக்குக் கம்பளி

டங்கனோடு உறவு முறியவில்லை. அந்த அமெரிக்கத் தொடர்பில்தான் தி ஜங்கிள் வந்தது. அமெரிக்க நிறுவனமும் மாடர்ன் தியேட்டர்ஸும் சேர்ந்து தயாரிப்பு. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்று 3 ஹாலிவுட் நடிகர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். ஒளிப்பதிவு கிளைட் டி வின்னா, ஆஸ்கர் வாங்கியவர். நம்ம ஊர் பக்கம் எம்.என்.நம்பியார் நடித்தார், இசையில் ஜி.ராமநாதனும் தட்சிணாமூர்த்தியும். தமிழில் காடு என்ற பெயரில் வந்தது.

கதை இதுதான். இந்தியக் காட்டில் யானைகள் மிரண்டு ஓடி ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடி இளவரசி, அவருடைய ஆலோசகர், ஒரு அமெரிக்க வேட்டைக்காரர் 3 பேரும் காட்டுக்குள் போகிறார்கள். யானைகளையே விரட்டுவது மாமூத் என்று வேட்டைக்காரர் சொல்கிறார். யாரும் நம்பவில்லை.

நம்பாமல் இருந்ததில் தப்பும் இல்லை. முடி போர்த்திய மாமூத் வடக்குப் பனிப் பிரதேசத்து விலங்கு. அதன் கடைசிக் கூட்டம் ஆர்க்டிக்கில் உள்ள ரேங்கல் தீவில் சுமார் 4,000 வருஷத்துக்கு முன்பு அழிந்துபோனது. தென்னிந்தியக் காட்டில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் சினிமாவுக்கு லாஜிக் பார்த்தால் ஆகுமா?

சரி, மாமூத்தை எப்படிக் காட்டினார்கள்? அந்த நேரத்தில் இருந்த வழிகளைப் பார்ப்போம். 1933-ல் கிங் காங் எடுத்தபோது, சின்ன பொம்மையை நூலளவு நூலளவாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடித்தார்கள். திரையில் 1 விநாடி ஓட 24 படம் வேண்டும். காட்ஸில்லாவின் தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயாவுக்கும் முதலில் அந்த ஆசைதான். கணக்குப் போட்டால் 7 வருஷம் ஆகும் என்று வந்தது. அதனால் சுமார் 100 கிலோ எடையில் ரப்பர் உடை செய்து, ஹருவோ நகாஜிமா என்ற நடிகரை அதற்குள் நுழைத்து, குட்டி டோக்கியோ கட்டி அதை மிதிக்க விட்டார்கள். விளக்குச் சூட்டில் அவர் மயங்கி விழும் அளவுக்குப் போனதுண்டு. உடையைக் கழற்றினால் வியர்வை கொட்டும்.

தி ஜங்கிள் படக் குழு இன்னும் நேரான வழியில் போனது. பெரிய மிருகம் வேணுமா? நம்மிடம்தான் யானை இருக்கிறதே! நிஜ யானைகளின் மேல் சடை முடிப் போர்வையைக் கட்டி, நீளமான வளைந்த போலித் தந்தங்களை மாட்டினார்கள். மாமூத் ரெடி. பொம்மை இல்லை, குட்டி செட் இல்லை. நடை, எடை, மண் அதிர்வது எல்லாம் ஒரிஜினல்.

இதை முதல் தடவை கேள்விப்பட்டபோது எங்கள் டெஸ்க்கில் எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. யானைக்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம், காதை ஆட்டியும் தண்ணீர் வாரிப் போட்டும்தான் அது சூட்டைத் தணிக்கும். நம்ம ஊர் வெயிலில் அதன் மேல் கம்பளி! ஜப்பானில் நகாஜிமா மூச்சு முட்டினால் கையைக் காட்டலாம். யானை என்ன செய்யும்? இன்றைக்கு விலங்குகள் நல வாரிய அனுமதி இல்லாமல் ஒரு யானையை ஷூட்டிங்குக்கு நிறுத்த முடியாது. அன்றைக்கு அதெல்லாம் இல்லை.

படம் என்னவோ நல்ல படம் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான நேரம் காட்டுக்குள் நடப்பதிலேயே போய்விடும். ஆனால் காலம் முக்கியம். அதே 1952-ல் அமெரிக்காவில் கிங் காங் மறுபடி வெளியாகிப் பெரிய வசூல் செய்தது. 1953-ல் கடல் டைனோசர் படம் ஒன்று அங்கே ஓடியது. 1954-ல் காட்ஸில்லா. உலகம் முழுக்க ராட்சத மிருக மோகம் தொடங்கிய அந்த வரிசையில், சேலத்துக்காரர் முன்னாடியே டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தார்.

கலர், பிறகு திடீர் நிறுத்தம்

அதற்குப் பிறகு சுந்தரம் மாமூத் பக்கம் போகவில்லை. கலர் பக்கம் போனார். 1956 பொங்கலுக்கு எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த அலிபாபாவும் 40 திருடர்களும். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம், இயக்கியதும் அவரே. 1961-ல் கண்டம் பெச்ச கோட்டு, மலையாளத்தின் முதல் முழுநீளக் கலர் படம். அந்த மொழிக்கு முதல் பேச்சும் முதல் கலரும் கொடுத்தது ஒரே சேலம் கம்பெனி.

1963 ஆகஸ்ட் 30-ம் தேதி சுந்தரம் காலமானார். வயது 56-தான்.

மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்து துப்பறியும் படங்கள் எடுத்தார். வல்லவன் ஒருவன், சி.ஐ.டி. சங்கர் எல்லாம் இந்தக் காலத்தவை. ஆனால் சினிமா மொத்தமாக கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. சேலத்தில் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஸ்டூடியோ நடத்துவது கட்டுபடி ஆகவில்லை. 100 படங்களுக்கு மேல் எடுத்த நிறுவனம் 1980-களில் ஓய்ந்தது. முதல் தேதி சம்பளத்தை நம்பி வந்த குடும்பங்களில் சில சென்னைக்குப் போயின, சில வேறு வேலைக்குப் போயின. தளங்கள் இருந்த இடத்தில் இப்போது வீடுகள்.

மிச்சம் அந்த வளைவுதான். அது நிற்கும் இடம் யாருக்குச் சொந்தம் என்று 2023 கடைசியில் ஒரு சர்ச்சையே கிளம்பியது நினைவிருக்கலாம். ஏற்காடு போகிறவர்கள் இன்றும் அதன் முன்னால் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள்.

தி ஜங்கிள் ஆங்கிலப் படம் டிவிடியில் வந்திருக்கிறது. பார்ப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும், மாமூத் வருவது கடைசியில்தான்!