இடிக்குக் கம்பம் நட்ட பங்குச் சுவாமியார்



ஐப்பசி, கார்த்திகையில் பொதிகைமலைமேல் கருமேகம் திரண்டு, பாபநாசம் பக்கமிருந்து இடி உருண்டு வரும்போது, நம் விக்கிரமசிங்கபுரத்தில் சிலுவை அடையாளம் வரையாத கிறிஸ்தவர் உண்டோ? மழை ஓய்ந்தபின் உயர்ந்த கோபுரங்களையும் ஆலைப் புகைபோக்கிகளையும் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் கூர்மையான கம்பி ஒன்று நிற்கும். அதிலிருந்து உலோகப் பட்டை ஒன்று சுவரோரமாய் இறங்கி மண்ணுக்குள் போகும். அதுவே இடிதாங்கி. அதை உலகில் முதன்முதல் நட்டவர்களில் ஒருவர் ஒரு பங்குச் சுவாமியார் என்பதை அறிவீர்களா?

அவர் புரோகோப் திவிஷ். செக் நாட்டில் பெயர்பெற்றவர். 1698 மார்ச் 26-ல் பொஹீமியாவில் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஸ்னோய்மோ நகரையடுத்த லோவுகா மடத்தில், அர்ச். நொர்பெர்த்து ஸ்தாபித்த சபையில் சேர்ந்தார். நொர்பெர்த்து உல்லாச வாலிபராய்க் குதிரையேறிப் போகையில், அருகே இடி விழுந்ததால் மனந்திரும்பினார் என்பது அச்சபையின் பாரம்பரியம். திவிஷ் 1726-ல் குருப்பட்டம் பெற்று, 1733-ல் வேதசாஸ்திர பண்டிதரானார். 1736-ல் பிரிமெடிட்சே என்ற கிராமம் அவருடைய பங்காயிற்று. நடுவே சிலகாலம் மடத்து நிர்வாகத்துக்குப் போனதைத் தவிர, சாகும்வரை அங்கேயே இருந்தார். பூசையும் பிரசங்கமும் போக மிஞ்சிய நேரத்தில் இசைக்கருவி செய்தார். மின்சாரப் பரிசோதனைகளும் செய்தார்.

அக்காலத்தில் இடி இடித்தால் கோயில் மணியை அடிப்பது ஐரோப்பாவெங்கும் வழக்கம். ஊரிலேயே உயரமான இடம் கோபுரம். மின்னல் முதலில் தேடுவதும் அதைத்தான். நனைந்த கயிற்றைப் பிடித்து நின்ற ஏழை மணியடிப்பவன் என்ன ஆவான்? 33 ஆண்டுகளில் 386 கோபுரங்கள்மேல் இடி விழுந்து, மணியடித்தவர் 103 பேர் மாண்டதாக 1784-ல் மியூனிக்கில் வெளியான ஒரு நூல் கணக்குக் காட்டிற்று.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் 1750-லேயே, மண்ணில் பதித்த கூர்முனைக் கம்பியால் வீடுகளைக் காக்கலாம் என்று எழுதியிருந்தார். 1753 ஆகஸ்டில் ருஷ்யாவில் ரிச்மன் என்ற பண்டிதர், வீட்டுக் கூரையில் கம்பி நிறுத்தி இடிமின்னலைச் சோதிக்கையில், நெற்றியில் அடிபட்டு இறந்தார். அவருடைய கம்பிக்கு மண்ணோடு தொடர்பில்லை. வந்த மின்சாரத்துக்குப் போக வழியில்லாமற் போயிற்று.

அச்செய்தி திவிஷ் சுவாமியைத் தூண்டிற்று. 1754 ஜூன் 15-ல் தம் தோட்டத்தில் உயர்ந்த கம்பமொன்றை நாட்டினார். உச்சியில் தகரப் பெட்டிகள். அவற்றில் 400-க்கு மேற்பட்ட ஊசிமுனைகள். கம்பம் சாயாதபடி இரும்புச் சங்கிலிகளால் நாற்புறமும் தரையோடு பிணைத்தார். அச்சங்கிலிகளே மின்சாரம் மண்ணுக்கு இறங்கும் வழியாயின.

ஐந்து ஆண்டு கழித்துக் கடும் வறட்சி வந்தது. சாமியாரின் இயந்திரம் மழையை விரட்டுகிறது என்று சொல்லிக் குடியானவர்கள் கம்பத்தைத் தகர்த்துப்போட்டார்கள்.

வாசகரே, அவர்களைப் பரிகசிக்க வேண்டாம். பயிர் காய்ந்தால் வயிறு காயும். மேலும், மேகத்திலுள்ள மின்சாரத்தை ஊசிகள் சத்தமின்றி உறிஞ்சிவிடும், இடிமழையே கலைந்துபோகும் என்பதுதான் திவிஷ் சுவாமியின் எண்ணம். இடியைக் கலைப்பது மழையையும் கலைக்காதா என்று உழவன் கேட்டால் குற்றமா? உண்மையில் எந்த ஊசியாலும் மேகத்தை வெறுமையாக்க முடியாது. விழுகிற மின்னலைத் தாங்கி, கட்டடத்துக்குச் சேதமின்றி மண்ணுக்குள் அனுப்புவதே கம்பியின் வேலை. ஊசிகளைப்பற்றி அவர் நினைத்தது தவறு. சங்கிலியை மண்ணில் பதித்தது சரி.

ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயும். மிக உயர்ந்த கோபுரம் மின்னலைத் தானே அழைக்கவும் செய்யும். அதன் நுனியிலிருந்தே ஒரு பொறி மேகத்தை நோக்கிக் கிளம்பும். கனடாவிலுள்ள 553 மீட்டர் உயரமான டொராண்டோ கோபுரத்தில் ஆண்டுதோறும் பல பத்து முறை மின்னல் தாக்குகிறது. அப்போது மின்னோட்டம் உச்சிக்கும் அடிக்கும் நடுவே மோதி மோதித் திரும்புவதையும், சுற்றிலும் காந்தப்புலம் எழுவதையும் பொறியியலார் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் புலமே பக்கத்து வீட்டுக் கம்பிகளில் மின்சாரத்தை எழுப்பி, இடி விழாத வீட்டிலும் தொலைக்காட்சியைக் கெடுத்துவிடுகிறது.

திவிஷ் சுவாமியின் நூல் 1765-ல் அச்சேறிற்று. அவ்வாண்டே டிசம்பர் 21-ல், தம் 67-ம் வயதில், தம் பங்கிலேயே மரித்தார். கம்பத்தைத் தகர்த்த அதே ஊரில் இன்று அவருக்கு நினைவுச்சின்னம் நிற்கிறது.

ஆகையால், மந்திரித்த மெழுகுதிரி ஏற்றி ஜெபிக்கிற நாம், வயலிலிருந்தால் தனிப்பனையின் அடியில் ஒதுங்காமல் வீடு வந்து சேர்வோம். கோபுரத்து இடிதாங்கியின் பட்டை எங்காவது அறுந்தோ, திருடுபோயோ கிடப்பதைக் கண்டால் அன்றே வந்து தெரிவியுங்கள். மண்ணைத் தொடாத கம்பி ரிச்மனின் கம்பியே.